சொந்தப் படகுக்கு எதிரான வேலைநிறுத்தம்: டோரஸ் நீரிணையும் முத்துச்சிப்பித் தொழிலும்

1936 ஜனவரி. அந்த ஆண்டுக்கான சிப்பிப் படகுகளுக்கு ஆள் பதிவுசெய்ய அரசு அதிகாரிகள் டோரஸ் நீரிணையின் தீவுகளுக்குப் போனார்கள். கையெழுத்திட ஆள் வரவில்லை. தீவு தீவாக இதுவே கதை. ஏறத்தாழ 400 பேர், அதாவது படகுத் தொழிலில் இருந்த தீவுவாசிகளில் பெரும்பாலோர், ஒதுங்கி நின்றுவிட்டார்கள். வேலைநிறுத்தம் என்றால் முதலாளியின் படகில் ஏற மறுப்பது என்றுதான் நாம் புரிந்துகொள்வோம். இங்கே அவர்கள் ஏற மறுத்தவை அவர்களுடைய சொந்தப் படகுகள். சிப்பி அள்ளி, ஆண்டுக்கணக்கில் தவணை கட்டி வாங்கியவை.

சொந்தப் படகுக்கு எதிராக ஒருவன் ஏன் போராடுகிறான்? முத்துச்சிப்பித் தொழில் அந்தத் தீவு மக்களுக்குச் செய்தது எல்லாம் இந்தக் கேள்விக்குள் அடங்கியிருப்பதாக நினைக்கிறேன். விடையைத் தேடச் சுமார் எழுபது ஆண்டுகள் பின்னோக்கிப் போக வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் வடகோடியான கேப் யார்க் முனைக்கும் நியூ கினிக்கும் இடையே சுமார் 150 கிலோமீட்டர் அகலத்தில் கிடக்கும் ஆழமற்ற கடல்தான் டோரஸ் நீரிணை. நூற்றுக்கும் மேற்பட்ட தீவுகள் உண்டு. கிழக்கே எரிமலை மண் கொண்ட செழிப்பான மேர், எருப் தீவுகள். அங்கே தோட்டம் போட்டுக் கிழங்கும் வாழையும் விளைவித்தார்கள். நடுவே மணல் திட்டுகள். துது அவற்றில் ஒன்று. மேற்கே பது, மோவா, மாபுயாக். கிழக்கே பேசும் மொழி வேறு, மேற்கே பேசும் மொழி வேறு. நியூ கினியிலிருந்து மரம் குடைந்த ஓடங்கள் வந்தன. தீவுகளிலிருந்து சிப்பி ஓடுகள் போயின. பாறைத் திட்டு ஒவ்வொன்றுக்கும், கரையோர நீருக்கும்கூட, குலவாரியாக உரிமையாளர்கள் இருந்தார்கள். பிறன் எல்லைக்குள் கை நீட்டாதே, கால் வைக்காதே என்பது மேர் தீவின் மாலோ தெய்வத்தின் கட்டளை. மண்ணுக்கு மட்டும் என்றில்லை, கடலுக்கும் அது பொருந்தியது.

தமிழ் வாசகர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முத்துக்குளிப்பு என்றதும் நமக்குக் கொற்கையும் மன்னார் வளைகுடாவும் நினைவுக்கு வரும். அங்கே சிப்பி எதற்கு? உள்ளிருக்கும் முத்துக்காக. டோரஸ் நீரிணையில் கதை தலைகீழ். அங்குள்ள சிப்பி தட்டு அளவுக்கு வளரும் பெரிய இனம். விளிம்பில் பொன்னிறம் ஓடும். வணிகர்களுக்கு வேண்டியது அதன் தடித்த ஓடு. லண்டன் சந்தையில் அது டன் கணக்கில் விலைபோனது. சட்டைப் பொத்தானாகவும் கத்திப்பிடியாகவும் மாறியது. முத்து கிடைத்தால் அது மேல்வரும்படி. தீவு மக்களும் அந்த ஓட்டைத்தான் மதித்தார்கள். பிறை வடிவில் இழைத்து மார்பில் அணிந்தார்கள். ‘மாய்’ என்று அதற்குப் பெயர்.

1860களில் முதலில் வந்தவர்கள் தேடிவந்தது சிப்பியை அல்ல, கடல் அட்டையை. நம் ராமநாதபுரத்துக் கரையிலும் யாழ்ப்பாணத்திலும் தெரிந்த அதே பண்டம்தான். சீனச் சந்தைக்குப் போகும் சரக்கு. வில்லியம் பேனர் என்ற கப்பல் தலைவன் 1868 வாக்கில் துது தீவில் அட்டை அவிக்கும் நிலையம் போட்டிருந்தான். துது மக்கள் போர்க்குணத்துக்குப் பெயர்பெற்றவர்கள். வெள்ளையர்கள் அந்தத் தீவுக்கு வைத்த பெயரே ‘போர்வீரர் தீவு’. அவர்களுடைய தலைவன் கெபிசு. அந்த மக்கள் அணிந்திருந்த சிப்பி ஓடுகளைக் கண்டு, இவை எங்கே கிடைக்கின்றன என்று பேனர் கேட்டறிந்ததாகத்தான் தொழிலின் தொடக்கக் கதை சொல்லப்படுகிறது. அதன்பின் ஓட்டப்பந்தயம்தான். 1877 அளவில் 16 நிறுவனங்கள் அந்தக் கடலில் தொழில் நடத்தின.

முதல் பத்தாண்டு சட்டமற்ற காலம். பசிபிக் தீவுகளான லிஃபூ, ரோட்டுமா, சமோவா, நியூ ஹெப்ரிடீஸ் ஆகியவற்றிலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். சிலர் ஒப்பந்தத்தில், சிலர் ஏமாற்றி, சிலர் பிடித்து. இவர்கள் தீவுகளின் கரைகளில் முகாம் போட்டார்கள். குடிநீர்க் குழிகள் அவர்கள் வசமாயின. தோட்டங்கள் சூறையாடப்பட்டன. பெண்கள் கடத்தப்பட்டார்கள், இளைஞர்கள் படகுகளுக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள். 1875இல் தட்டம்மை வந்தது. அதே ஆண்டு பிஜியைச் சூறையாடிய அதே நோய். எதிர்ப்புச் சக்தியே இல்லாத சிறிய ஊர்களில் அது என்ன செய்திருக்கும் என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

முரலக் தீவின் கவுராரெக் மக்களின் கதை தனியே சொல்லப்பட வேண்டியது. 1869இல் ஸ்பெர்வர் என்ற கப்பலின் ஆட்கள் அத்தீவருகே கொல்லப்பட்டார்கள். கேப் யார்க்கில் சோமர்செட் என்ற இடத்தில் அமைந்திருந்த குவீன்ஸ்லாந்து (அன்று தனிப் பிரிட்டிஷ் காலனி, இன்று ஆஸ்திரேலிய மாநிலம்) அரசு நிலையத்திலிருந்து ஆயுதம் தாங்கிய படைகள் பழிவாங்கப் புறப்பட்டன. கொன்றவர்கள் வேறு தீவினர் என்றே பின்னாளில் ஆராய்ந்தவர்கள் பலர் கருதினார்கள். துப்பாக்கி அந்த ஆராய்ச்சிக்குக் காத்திருக்கவில்லை. எஞ்சிய கவுராரெக் மக்கள் சிதறி, பின்னர் கெரிரி தீவில் தங்கினார்கள். 1922இல் காவலர்கள் ஆயுதத்தோடு வந்து அங்கிருந்தும் அவர்களைக் கிளப்பி மோவாவில் கொண்டுபோய் இறக்கினார்கள். தொழிலின் தலைநகரமாகிவிட்ட தர்ஸ்டே தீவுக்கு அருகில் பழங்குடியினர் வசிப்பது அதிகாரிகளுக்கு உவப்பாக இல்லை. (ஆம், ‘வியாழக்கிழமைத் தீவு’தான், பக்கத்திலேயே செவ்வாயும் புதனும் வெள்ளியும் உண்டு. மக்கள் வைத்த பெயர் வைபென்.)

1871 ஜூலை 1 அன்று லண்டன் மிஷனரி சங்கத்தினர் எருப் தீவில் இறங்கினார்கள். சாமுவேல் மக்ஃபார்லன் தலைமை. கூடவே லாயல்டி தீவுகளைச் சேர்ந்த போதகர்கள். தபாத் என்ற பெரியவர் அவர்களை ஏற்றுக்கொண்டார். இன்றும் அந்த நாள் ‘ஒளி வந்த நாள்’ என்று கொண்டாடப்படுகிறது. பழைய வழிபாட்டுப் பொருட்களை எரித்தவர்களை மக்களே ஏன் கொண்டாடுகிறார்கள் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியதுண்டு. முந்தைய பத்தாண்டில் கரையில் இறங்கியவர்கள் யார் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தக் கேள்வியின் கூர்மை மழுங்கிவிடுகிறது. பெண்ணைத் தூக்காமல், துப்பாக்கி நீட்டாமல் வந்த முதல் வெளியார் இவர்கள்தான் என்ற நிலை.

அரசு வந்ததும் சிப்பியின் பின்னால்தான். 1872இல் கரையிலிருந்து 60 மைலுக்குள் இருந்த தீவுகளைக் குவீன்ஸ்லாந்து தன்னுடன் சேர்த்துக்கொண்டது. சிப்பிப் படகுகள் அந்தக் கோட்டையும் தாண்டிப் போகவே, 1879இல் மேர், எருப், சைபாய் உட்பட மீதித் தீவுகளையும் இணைத்தது. மக்களிடம் யாரும் கேட்கவில்லை. 1881இல் படகுக்கும் ஆளுக்கும் உரிமம் கேட்கும் சட்டம் வந்தது. அத்துமீறல்கள் குறைந்தன என்பது உண்மை. மேர் தீவை 1882இல் அதன் மக்களுக்கென ஒதுக்கினார்கள். அங்கே குடியேறியிருந்த வெளியாரை அரசு அப்புறப்படுத்தியது. அந்தத் தீவில் நில எல்லைகளும் அவற்றின் நினைவும் பின்னாளில் உடையாமல் நின்றதற்கு இது ஒரு காரணம்.

தொழிலின் உள்ளே தீவுவாசிகளின் இடம் என்ன? நம் ஊர் வழக்கில் சொன்னால், சம்மாட்டி, அதாவது படகு முதலாளி, ஐரோப்பியர். படகை நடத்துபவர் பசிபிக் தீவினர். தீவுவாசி ‘நீச்சல் குளிப்பு’ ஆள்: உடலில் எதுவும் கட்டாமல், மூச்சடக்கி, மேட்டு நீரில் (ஆழம் குறைந்த நீரில்) மூழ்கி எடுப்பவர். 1870களின் நடுவில் தலைக்கவசமும் காற்றுக் குழாயும் கொண்ட குளிப்பு உடை வந்தது. மேட்டு நீர்ச் சிப்பி சூறையாடப்பட்டுத் தீரத் தீர, தொழில் ஆழத்துக்குப் போனது; 1880களிலேயே பல படகுகள் இங்கே சிப்பி போதாமல் மேற்கு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டன. ஆழத்துக்குப் போனவர்கள் பெரும்பாலும் ஜப்பானியர், வாக்காயாமா கடற்கரைக் கிராமத்தினர். எருப் தீவுக்கு அருகிலுள்ள பள்ளங்களில் 40 பாகம் (சுமார் 240 அடி) வரை இறங்கினார்கள். அவ்வளவு ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்தால் இரத்தத்தில் வாயுக் குமிழ்கள் கட்டி, மூட்டு முடங்கும், உயிரும் போகும். தர்ஸ்டே தீவில் ஜப்பானியர் கல்லறைகள் மட்டும் சுமார் 700. 1899 மார்ச்சில் பாதர்ஸ்ட் விரிகுடாவில் நங்கூரமிட்டிருந்த சிப்பிப் படகுகள் மீது பாய்ந்த புயலில் 300க்கும் மேற்பட்டோர் ஒரே இரவில் இறந்தார்கள். ஆஸ்திரேலியாவின் மிகக் கொடிய புயல் அதுதான்.

வெள்ளையர் நாடு என்ற கொள்கையை ஆஸ்திரேலியா 1901இல் சட்டமாக்கியது. நிற மக்களின் உழைப்பே வேண்டாம் என்றது. கடலடிக்கு மட்டும் விலக்கு! ஆசியர்களை ஒப்பந்தத்தில் கொண்டுவர முத்துத் தொழிலுக்கு அனுமதி தொடர்ந்தது. அந்த ஆபத்தான வேலை வெள்ளையருக்கு ஏற்றதல்ல என்று 1916இல் ஒரு விசாரணைக் குழு நிதானமாக முடிவு சொன்னது. இலங்கையிலிருந்து போன சிங்களவர்களும் தர்ஸ்டே தீவில் இருந்தார்கள். அவர்கள் நட்ட அரச மரங்கள் அங்கே வளர்ந்தன. உலகமே வந்து சேர்ந்த அந்தச் சின்னஞ்சிறு ஊரில், அந்தக் கடலுக்கு உரியவர்கள் மட்டும் அனுமதி பெற்றுத்தான் தங்க முடிந்தது.

இனி முதல் கேள்விக்கு வருவோம். படகு எப்படிச் சொந்தமானது, ஏன் சொந்தமாகவில்லை?

1885 முதல் தர்ஸ்டே தீவின் அரசு நிர்வாகியாக இருந்தவர் ஜான் டக்ளஸ். முன்னாள் குவீன்ஸ்லாந்து பிரதமர். 1897இல் பழங்குடியினரை ‘பாதுகாக்க’ ஒரு சட்டம் வந்தபோது, தீவு மக்கள் தம்மைத் தாமே நிர்வகிக்கக்கூடியவர்கள் என்று வாதிட்டு அவர்களை அதன் பிடியிலிருந்து தள்ளி வைத்திருந்தார். 1904இல் டக்ளஸ் இறந்தார். அந்தச் சுவரும் விழுந்தது. பாதுகாவலர் என்ற பதவியில் இருந்த அதிகாரி, மக்கள் எங்கே போகலாம், எங்கே வேலை செய்யலாம், சம்பாதித்ததில் எவ்வளவு எடுக்கலாம் என்பதை முடிவுசெய்யத் தொடங்கினார்.

அதே 1904இல் இன்னொன்றும் நடந்தது. மிஷனரியாக இருந்த வாக்கர் என்பவர் பப்புவன் இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பதுவில் அதன் தளம். குலமோ ஊரோ சேர்ந்து ஒரு பாய்மரப் படகைத் தவணையில் எடுக்கலாம். சிப்பியையும் அட்டையையும் நிறுவனத்திடமே போட்டுக் கடனைக் கழிக்கலாம். ‘கம்பெனிப் படகு’ என்று பெயர் நிலைத்தது. மக்கள் இதை ஆவலோடு பிடித்துக்கொண்டார்கள், அதில் வியப்பில்லை. அந்நியன் படகில் ஆண்டுக்கணக்கில் போய்விட்டு, தோட்டத்தையும் குழந்தைகளையும் முதியவர்களிடமும் பெண்களிடமும் விட்டுத் தவித்தவர்கள் அவர்கள். சொந்தப் படகு என்றால் உறவினரோடு போகலாம். சடங்குக்கும் விதைப்புக்கும் திரும்பலாம். பாட்டும் நடனமும் படகுகளின் பேரிலேயே பிறந்தன. எந்தப் படகு அதிகம் அள்ளியது என்ற போட்டி பழைய ஓடப் போட்டியின் தொடர்ச்சிதான்.

குழி இருந்த இடம் கணக்குப் புத்தகம். படகு சம்பாதித்த பணம் படகுக்காரர் கைக்கு வராது. பாதுகாவலரிடம் கணக்கில் ஏறும். எடுக்க வேண்டுமானால் காரணம் சொல்லி அனுமதி பெற வேண்டும். அரிசி, மாவு, துணி எல்லாம் அந்த அமைப்பின் கடையிலேயே பற்று எழுதி வாங்க வேண்டும். வாங்கும் விலையையும் அவர்களே வைப்பார்கள், சிப்பியின் விலையையும் அவர்களே வைப்பார்கள். கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று படகின் சொந்தக்காரனுக்கே தெரியாது. படகு போதிய அளவு ஓடவில்லை என்று அதிகாரி நினைத்தால் அதைப் பிடுங்கிக்கொள்ளவும் முடியும். தீவின் பள்ளி ஆசிரியரே கண்காணிப்பாளர் என்ற பெயரில் இதற்கு உள்ளூர்க் கையாக இருந்தார். 1930இல் குவீன்ஸ்லாந்து அரசு அந்த நிறுவனத்தையே ஏற்றுக்கொண்டது. அன்றுமுதல் கடன் கொடுப்பவரும், சரக்கு வாங்குபவரும், கடை வைத்திருப்பவரும், காவலரும், நீதிபதியும் ஒரே அலுவலகம். உலகப் பொருளாதார மந்தத்தில் சிப்பி விலையும் சரிந்திருந்தது. அதற்குமேல் ஊரடங்கு வேறு: இரவில் பெரிய சங்கை ஊதுவார்கள், ஊதியபின் வெளியே நடமாடக் கூடாது. ‘பு’ என்ற அந்தச் சங்கு, ஓடங்கள் வருவதையும் போர் தொடங்குவதையும் அறிவித்து வந்த சங்கு.

1870களின் கடத்தல்காரர்களையும் 1930களின் கணக்கெழுத்தரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. இரத்தம் வேறு, மை வேறு. ஆனாலும் தீவு மக்களின் வாழ்க்கையை ஆழமாக மாற்றியது இரண்டாவதுதான் என்பது என் கணிப்பு. கடத்தல்காரன் வந்தான், போனான்; அவனுக்கு எதிராக ஈட்டி எடுக்க முடிந்தது. பேரேட்டுக்கு எதிராக எதை எடுப்பது?

கையெழுத்துப் போடாமல் நின்றார்கள். அதுதான் 1936.

ஆயுதம் எடுக்கவில்லை, படகை உடைக்கவில்லை. தந்தியோ தொலைபேசியோ கையில் இல்லாத மக்கள், இரு வேறு மொழி பேசும் தீவுகள், சுமார் ஒரே நேரத்தில் ஒரே பதிலைச் சொன்னார்கள். அதிகாரிகள் இதை நம்ப மறுத்து, வெளியாள் யாரோ தூண்டிவிட்டிருக்க வேண்டும் என்று தேடினார்கள். செய்தி எந்த வழியே போயிருக்கும்? படகுகளின் வழியேதான், சிப்பித் தொழிலே அந்தத் தீவுகளை முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு இணைத்திருந்தது. பல தீவினரும் ஒரே படகில் உழைத்தபோது பசிபிக் ஆட்களின் பேச்சிலிருந்து ஒரு பொது மொழியும் முளைத்திருந்தது. பதுவில் சிலரைச் சிறையில் அடைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலான தீவுகளில் நான்கு மாதம், சில இடங்களில் இன்னும் அதிகமாக நீண்டது போராட்டம். அதுவரை உண்டது என்ன என்றால், தோட்டத்துக் கிழங்கும் கரையோர மீனும். அழியாமல் மிச்சமிருந்த பழைய பொருளாதாரம்தான் போராட்டத்துக்குச் சோறு போட்டது.

அரசு பணிந்தது, பாதி அளவுக்கு. வெறுக்கப்பட்ட பாதுகாவலர் மாற்றப்பட்டார். புதிதாக வந்த கார்னீலியஸ் ஓலியரி தீவு தீவாகப் போய்ப் பேசினார். ஊரடங்கு நீங்கியது. 1937 ஆகஸ்டில் மசிக் தீவில் எல்லாத் தீவுகளின் ஊர்ச் சபை உறுப்பினர்களும் முதன்முறையாகக் கூடினார்கள். 1939இல் டோரஸ் நீரிணைத் தீவினருக்கென்று தனிச் சட்டம் வந்தது; ஊர்க் காவலும் வழக்கும் சபைகளின் கைக்கு வந்தன. பேரேடு மட்டும் அலுவலகத்திலேயே தங்கிவிட்டது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டாம் உலகப்போர் நெருங்கியதும் படகுகளை இராணுவம் எடுத்துக்கொண்டது, ஜப்பானியரை முகாமில் அடைத்தது. தீவின் ஆண்கள் 800க்கும் மேற்பட்டோர் டோரஸ் நீரிணை இலகு காலாட்படையில் சேர்ந்தார்கள். வெள்ளைச் சிப்பாயின் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு கொடுத்தார்கள். 1943 டிசம்பர் இறுதியில் அவர்கள் மறுபடியும் வேலைநிறுத்தம் செய்தார்கள், இம்முறை சீருடையில். சம்பளம் மூன்றில் இரண்டு பங்கானது. போருக்குப் பின் சிப்பிக்குச் சில ஆண்டுகள் நல்ல விலை. பிறகு பிளாஸ்டிக் பொத்தான் வந்தது. 1960களோடு ஒரு நூற்றாண்டுத் தொழில் ஏறக்குறைய முடிந்தது. மூழ்கி எடுப்பதைத் தவிர வேறு கூலி வேலை இல்லாத தீவுகளிலிருந்து ஆண்கள் குவீன்ஸ்லாந்தின் கரும்புக் காட்டுக்கும் ரயில் பாதைக்கும் கூட்டமாகப் போனார்கள்.

அப்படிப் போனவர்களில் ஒருவர் 1936இல் மேர் தீவில் பிறந்தவர். சிப்பிப் படகிலும் வேலை பார்த்தவர். அவர் எடி மாபோ. 1982இல் அவரும் மேர் மக்கள் சிலரும் தொடுத்த வழக்கில், மேர் மண் அதன் மக்களுடையது என்று 1992 ஜூன் 3 அன்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்ற காலனியக் கட்டுக்கதை அன்று சரிந்தது. மாபோ அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே இறந்துவிட்டார். அந்தத் தீர்ப்பு மண்ணைப் பற்றியது. கடல் இன்னும் காத்திருந்தது. 2013 ஆகஸ்டில்தான், அந்தக் கடலில் விற்பனைக்காகவும் மீன் எடுக்கும் உரிமை தீவு மக்களுக்குப் பூர்விகமாகவே உண்டு, அரசின் உரிமச் சட்டங்கள் அதை அழித்துவிடவில்லை என்று அதே நீதிமன்றம் ஏற்றது. ஏறத்தாழ 37,800 சதுர கிலோமீட்டர் கடல். மற்றவர்களை விலக்கும் உரிமை அதில் இல்லை.

பேரேட்டின் கணக்கும் ஒருவாறு வந்தது. பாதுகாப்புச் சட்டங்களின் பெயரில் பிடித்துவைக்கப்பட்ட கூலிக்காகப் பழங்குடியினரும் டோரஸ் நீரிணைத் தீவினரும் தொடுத்த கூட்டு வழக்கில், 2019இல் குவீன்ஸ்லாந்து அரசு 19 கோடி டாலர் கொடுக்கச் சம்மதித்தது. உரியவர்களில் பலர் இறந்துவிட்டிருந்ததால், பெருந்தொகை பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் போனது. வழக்கு கணக்கில் எடுத்துக்கொண்ட கூலி 1939 முதல் 1972 வரையிலானது. 1936 ஜனவரியில் கையெழுத்திட மறுத்தவர்கள் அதுவரை சம்பாதித்திருந்த பணம் அந்தக் கணக்கில் சேரவில்லை.